வேகம் பார்ப்பவர்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களை விட்டுவிடுவோம், பொங்கும்போது அணைக்கவாவது செய்வார்கள். இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம். பால் எத்தனை நிமிடத்தில் பொங்குகிறது என்று தெரிந்துகொள்ள நிமிடத்துக்கொரு தரம் பாத்திரத்தை இறக்கி, விரலை விட்டுச் சூடு பார்த்து, மறுபடி அடுப்பில் ஏற்றி, மறுபடி இறக்கி, "இன்னிக்கு ஏனோ பால் ரொம்ப நேரம் எடுக்குது" என்று கவலைப்படுகிற இனம். பஸ் வருகிறதா என்று பார்க்க நடுரோட்டில் போய் நின்று அந்தப் பஸ்ஸையே நிறுத்தி வைப்பவர் இந்த இனம்தான். நட்ட செடி வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நடுபவரும் இந்த இனம்தான். இவர்களை வேகம் பார்ப்பவர்கள் என்று அழைப்போம். கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாமே.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டும். துருகம் சாலையில், உரக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், சாரல் ஃப்ளெக்ஸ் என்று ஒரு கடை. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கடைதிறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பேனர் இங்கேதான். உள்ளே வரிசையாக ஆறு கம்ப்யூட்டர்கள். பின்னறையில் பேனர் அடிக்கும் மெஷின். அதற்குப் பக்கத்தில், கம்பிக் கதவு போட்ட சின்ன அலமாரிக்குள், சர்வர் என்று ஒரு கறுப்புப் பெட்டி. ஆறு கம்ப்யூட்டர்களிலும் சொந்தமாக ஒரு படமும் கிடையாது. எல்லாம் அந்தப் பெட்டியில்தான். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் படம் தன் கம்ப்யூட்டரிலேயே இருப்பது போலத் தெரியும். தட்டினால் அது பெட்டியைப் போய்க் கேட்டு, வாங்கிவந்து காட்டும். கேட்பதற்கும் வருவதற்கும் ஆகிற நேரம் இருக்கிறதே, அதுதான் அன்புச்செல்வனின் வாழ்க்கை.

அவர் இங்கே டிசைன் போடத்தான் வந்து சேர்ந்தார். கடைக்காரி கமலா, சர்வர் வாங்கிய புதிதில், அப்பப்போ ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு எடுத்த பார்வையை அன்புச்செல்வன் இன்னும் திருப்பவில்லை. காலையில் வந்ததும் பிள்ளையார் படத்துக்கு ஒரு கும்பிடு, சட்டையின் மேல்பட்டனைக் கழற்றி ஓர் ஊதல், அப்புறம் திரையில் ஒரு கட்டத்தைத் திறப்பார். கட்டத்துக்குள் பச்சை நிறத்தில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருக்கும். கீழே மணி, பக்கத்தில் வேகம். சர்வரிலிருந்து படம் வேகமாக வந்தால் கோடு ஏறும், மெதுவானால் இறங்கும். கோடு இறங்கினால் அன்புச்செல்வனின் முகமும் இறங்கும். காலை வணக்கம் சொன்னால் அவர் பதில் வணக்கம் சொல்வதில்லை. "ஏழு" என்பார். உடம்பு எப்படியிருக்கிறது என்று யாராவது கேட்டால், படிக்கிற வேகம் பரவாயில்லை, எழுதுகிற வேகம்தான் கொஞ்சம் டல்லு என்று பதில் வரும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கோட்டைப் பார்ப்பார். ரசத்துக்குப் பதில் மோர் ஊற்றினாலும் அவருக்குத் தெரியாது.

வேகம் குறைந்ததற்கு அவரிடம் காரணங்கள் இல்லாமலில்லை. கல்வராயன் மலையில் மழை பிடித்திருக்கிறது, அதனால் கரண்ட் ஒரே சீராக வரவில்லை. ஒயருக்குள் எறும்பு. உரக்கடைக்காரர் புதிதாக ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஆதாரம் வேண்டுமல்லவா? கோட்டைத் திரையோடு படம் பிடித்து, எந்த வேலை தாமதமானதோ அந்த வேலையின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டுவைப்பார். பேரும் தன் பேர்தான்: அன்பு ஒன்று, அன்பு இரண்டு, அன்பு நூற்றி நாற்பது. பிற்காலத்தில் யாராவது விசாரித்தால் குற்றமும் சாட்சியும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. யார் விசாரிப்பார்கள்? அதை அவர் யோசித்ததில்லை.

கோட்டை வெறுமனே பார்த்தால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டும். சர்வரில் நாலு மணி நேரக் கல்யாண வீடியோ ஒன்று கிடந்தது. அதைத் தன் கம்ப்யூட்டருக்கு முழுசாக இழுப்பார். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்வார். அழிப்பார். சந்தேகம் வரும். மறுபடி இழுப்பார். பிறகு தன் இடத்திலிருந்தே மற்ற ஐந்து கம்ப்யூட்டர்களுக்கும் அதை இழுக்க வைப்பார், ஒன்றுக்கு மட்டும் பார்த்தால் நியாயமில்லை பாருங்கள். அந்தக் கல்யாண ஜோடிக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறது, அவர்களுடைய கல்யாணம் மட்டும் துருகம் சாலையில் மணிக்குப் பத்துத் தரம் நடந்துகொண்டிருந்தது. சின்ன வாய்க்காலில் ஒருவர் மட்டும் யானையை விட்டுக் குளிப்பாட்டினால் மற்றவர்கள் குடத்தில் எதை மொள்வது? மற்றவர்களுக்குக் கேட்ட படம் வராது. வராததைப் பார்த்து அன்புச்செல்வன் கவலைப்படுவார். கவலை வந்தால் இன்னொரு சோதனை.

இது கடையில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. அவர் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ குடிக்கப் போவார். போகும்போது வேறு யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று சோதனையை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத்தான் போவார். அந்த இருபது நிமிடத்தில் அரை நாள் வேலை முடியும். டிசைன் போடும் செந்தமிழ்ச்செல்வி ஒரு தரம் தைரியமாகச் சொல்லியே பார்த்தாள்.

"ண்ணா, நீங்க பாக்காத இருந்தா நல்லா வேகமா போவுதுண்ணா."

அன்புச்செல்வன் சிரித்தார். "பாக்காத இருக்கும்போது வேகமா போவுதுன்னு உனுக்கு எப்பிடித் தெரியும்? பாத்தாதானே தெரியும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அன்றோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. அவர் டீக்குக் கிளம்பும்போது மட்டும், "மெதுவா குடிச்சிட்டு வாங்கண்ணா" என்று எல்லோரும் அவ்வளவு பாசமாகச் சொல்வார்கள். தன் மேல் இந்தக் கடைக்கு எவ்வளவு பிரியம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு சனிக்கிழமை வந்தது.

அவர் தங்கை ஜெயசுதாவைக் கச்சிராயபாளையத்தில் கொடுத்திருக்கிறது. அவள் பெண் சுபஸ்ரீக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் சீர்தான் முன்னால் வரவேண்டும். இந்தக் காலத்தில் சீர் என்றால் தட்டு மட்டுமா? பேனரும் அதில் சேர்த்தி. கோயில் வாசலில் பத்தடி அகலத்துக்கு ஒரு பேனர். நடுவில் குழந்தை, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நாற்பத்தாறு பேரின் முகங்கள், தனித்தனி வட்டங்களில். எல்லாவற்றிலும் பெரிய வட்டம் தாமரை இதழ் போட்டு, தங்க ஓரம் கட்டி, தாய்மாமனுக்கு. பேனர் கடையிலேயே வேலை பார்க்கிற தாய்மாமன் வேறு. ஊரே எதிர்பார்க்காதா?

வில்லங்கம் ஜெயசுதாவின் கொழுந்தன் சரத்குமார் வடிவில் வந்தது. குழந்தையின் சித்தப்பாவுக்கும் மாமன் அளவுக்கே வட்டம் வேண்டும் என்றார். கிடையாது என்று அன்புச்செல்வன் சொன்னார். சரத்குமார் சத்தம் போடவில்லை. உளுந்தூர்பேட்டையில் தன் செலவில் தனியாக ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்து வீட்டில் சுருட்டி வைத்துவிட்டார். அதில் சித்தப்பா குதிரை மேல் இருக்கிறார். மாமன் கீழே மூலையில், தபால்தலை அளவுக்கு, காது ஒன்று வெட்டுப்பட்டு. சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் மாமன் பேனர் வந்தால் அது, வராவிட்டால் இது. வீட்டுப் பெரியவர்கள் கூடிச் சொன்ன தீர்ப்பு.

ஆகவே அன்று சாயங்காலம் ஐந்தரை டவுன் பஸ்ஸில் பேனர் ஏறியாக வேண்டும். செல்வி காலை பத்து மணிக்கு உட்கார்ந்தாள். படங்கள் எல்லாம் சர்வரில் தயார். அன்புச்செல்வன் ஸ்டூடியோவுக்குப் போய், பட்டுச் சட்டையில் பிரத்தியேகமாக எடுத்துக்கொண்ட படம் வேறு இருந்தது. செல்வி அதற்கு அன்பு என்று பேர் போட்டு அதே ஃபோல்டரில் வைத்திருந்தாள்.

தங்கையின் கௌரவம், தன் வட்டம், எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் வரவேண்டும் என்கிறபோது மனிதர் சும்மா இருப்பாரா? வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு சோதனை. அன்று ஒரு சோதனை முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கினார். செல்வி ஒரு முகத்தைத் திறந்தால் நெற்றி மட்டும் வந்து நின்றது. மூக்கு வர ஐந்து நிமிடம். பதினொரு மணி டீயையும் அன்புச்செல்வன் தியாகம் செய்தார். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நான்கு, மூன்று, மூன்று. மதியம் இரண்டு மணிக்கு நாற்பத்தாறு பேரில் ஒன்பது பேர்தான் முகத்தோடு இருந்தார்கள், அதிலும் ஒருவருக்குத் தாடை இல்லை.

செல்வி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வழி செய்தாள். படங்களைத் திரையில் காட்டாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டாள். அப்படிச் செய்தால் வட்டத்துக்குள் முகம் தெரியாது, எந்தப் படம் என்கிற பேர் மட்டும் தெரியும். மெஷினில் அடிக்கும்போது அந்தப் பேரில் சர்வரில் என்ன இருக்கிறதோ அதை மெஷின் எடுத்துக்கொள்ளும். பெரிய வட்டத்தில் 'அன்பு' என்று இருந்தது. அப்படிச் செய்தும் மூன்றரை மணிக்குப் பாதி வட்டங்கள் காலி.

ஜெயசுதாவின் போன் வந்தது. "ண்ணா, உன் பேனர் வந்துடுமா? என் கொழுந்தன் இப்பவே கழி நட்டுக்கினு இருக்கார்ணா. வரலன்னா நான் இந்த வூட்ல தல காட்ட முடியாது."

வந்துவிடும் என்று சொன்னார். சொல்லும்போது அவர் குரல் அவருக்கே நம்பிக்கையாக இல்லை. போனை வைத்ததும் கண் கலங்கியது, கலங்கிய கண்ணோடு இன்னொரு சோதனையைத் தொடங்கினார்.

கமலா இதையெல்லாம் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீ குடித்துவிட்டு வரச் சொன்னார், அன்புச்செல்வன் அசையவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துத் தயாராகச் சொன்னார். இந்த நேரத்தில் எழுந்து போனால் என்ன ஆவது என்று அன்புச்செல்வன் கேட்டார். அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வருஷமாகக் கடை நடத்துகிறவர் கமலா. ஆளை எழுப்ப வேண்டுமென்றால் அவர் ஆசைப்படுவதைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"அன்பு, நம்ம வைஃபை எதிர்ல டீக்கட வரிக்கும் இன்னா வேகத்துல போவுதுன்னு ஒரு தபா பாத்துக்கினு வரியா? எனுக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

அன்புச்செல்வன் முகத்தில் வெளிச்சம் வந்தது. பத்து வருஷமாக யாரும் அவரை எதையும் அளந்து வரச் சொன்னதில்லை, எல்லாம் அவராக அளந்ததுதான். சோதனையை நிறுத்தினார், கம்ப்யூட்டரைப் பூட்டினார், போனை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். அப்போது மணி நாலு பத்து.

போனில் சோதனை செய்ய முடியாது. கோட்டைப் பார்க்க மட்டும் முடியும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். தரையில் கிடந்த கோடு கொஞ்சம் தலையைத் தூக்கியது. பன்னிரண்டு. முப்பது. ஐம்பத்து நாலு. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது, அவர் தொடவில்லை. எண்பத்தேழு! இத்தனை வருஷத்தில் அவர் கண்ணால் காணாத எண். பக்கத்திலிருந்த கரும்பு லாரி டிரைவரிடம் போனைக் காட்டினார். பாவம், அந்த மனிதர் சர்க்கரை விலை ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

இப்படி ஒரு வெற்றிக்கு ஆதாரம் வேண்டாமா? திரையைப் படம் பிடித்தார். வழக்கம்போல அந்த வேலையின் ஃபோல்டருக்கே அனுப்பினார். என்ன பேர் என்று போன் கேட்டது. சந்தோஷத்தில் நம்பர் போட மறந்து, அன்பு என்று மட்டும் அடித்தார். அந்தப் பேரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று போன் மரியாதையாக இன்னொரு தரம் கேட்டது. விழித்த நேரமெல்லாம் ஒரு கோட்டைக் கண்கொட்டாமல் பார்த்த மனிதர், இந்த ஒரு வரியைப் படிக்காமலேயே சரி என்று அழுத்தினார். மணி நாலு நாற்பது.

அதே நேரத்தில் உள்ளே செல்வி கடைசி வட்டத்தை முடித்து மெஷினுக்கு அனுப்பினாள். மெஷின் ஓட்டும் இருசப்பன் பேனரை அடித்து, மின்விசிறியில் காட்டி, சுருட்டிக் கொடுத்தார். தாமரைக்குள் ஏதோ பச்சைக் கோடு போவதை அவர் பார்க்கத்தான் பார்த்தார். ஆனால் மாப்பிள்ளையைப் புலி வாயிலும் மணமகளை ராக்கெட்டிலும் வைத்து அடித்த கை அது. இதுவும் ஒரு ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தரை பஸ்ஸில் பேனரைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு அன்புச்செல்வன் கிளம்பினார். கிளம்பும்போது செல்வியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். "காத்தாலருந்து வுடாத பாத்துக்கினே இருந்தேன் இல்ல? அதான் சாயங்காலம் வழிக்கு வந்துச்சு." செல்வி ஆமாம் என்று தலையாட்டினாள். கச்சிராயபாளையத்தில் விளக்கு வைப்பதற்கு முன்னால் சுருளை சரத்குமார் கையிலேயே கொடுத்து, பெரியவர்கள் எதிரில் ஒரு பார்வை பார்த்தார். இருட்டுகிற நேரம், காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று யாரும் பிரிக்கவில்லை.

விடிந்தது. கோயில் வாசலில் இரண்டு சவுக்குக் கழிக்கு நடுவில் பேனரை விரித்துக் கட்டினார்கள். சுபஸ்ரீ நடுவில் கொழுகொழுவென்று சிரித்தாள். நாற்பத்தைந்து சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். தங்க ஓரம் போட்ட தாமரைக்குள் கறுப்புக் கட்டம், அதில் பச்சைக் கோடு ஒன்று இடது பக்கம் தரையோடு படுத்து, வலது பக்கம் செங்குத்தாக ஏறிப் போயிருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: தாய்மாமன் அன்புச்செல்வன்.

கூட்டம் கூடியது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு சொந்தக்காரி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள். "இது நெஞ்சுக்கு எடுக்குற ரிப்போர்ட்டு மாதிரி இருக்குது. இப்பிடி இருந்தா ஆளு இருக்க முடியாதே" என்றாள். ஜெயசுதா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மாமனுக்கு என்ன ஆயிற்றாம் என்று செய்தி கோயில் குளம் வரை போய், அங்கே குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள். குதிரைப் பேனரை எடுத்து வரலாமா, துக்க வீட்டில் அது நன்றாக இருக்குமா என்று சரத்குமாருக்கே குழப்பம்.

அந்த நேரம் பார்த்து, பட்டுச் சட்டையில், மேளத்தோடு, தலையில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டு அன்புச்செல்வன் தெருமுனையில் திரும்பினார். மேளம் தானாக நின்றது. ஒரு பெரியவர் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். எல்லோரும் பேனரைப் பார்ப்பதைப் பார்த்து அவரும் பார்த்தார்.

முதலில் என்ன தோன்றியது தெரியுமா? தன் முகம் போனதே என்றா? இல்லை. இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. "எண்பத்தேழு" என்று முணுமுணுத்தார், பெருமையாக. பிறகு, போனில் உள்ளங்கையளவு பார்த்ததை இப்போது இரண்டடி உயரத்துக்குப் பார்க்கிறபோது, அடியிலிருந்த மணி கண்ணில் பட்டது. நாலு பத்து வரைக்கும் கோடு பிணம் போலக் கிடக்கிறது. நாலு பத்துக்கு எழுந்து நிற்கிறது. நாலு பத்துக்கு அவர் என்ன செய்தார்? சோதனையை நிறுத்திக் கம்ப்யூட்டரைப் பூட்டினார், நாற்காலியை விட்டு எழுந்தார். அங்கே நின்ற இருநூறு பேரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். படித்தார்.

ஜெயசுதா எழுந்து வந்து இது இன்னாண்ணா என்று கேட்டாள்.

"நான் எழுந்து போன நேரம்மா" என்றார். "பத்து வருசமா நான்தான்மா குறுக்க ஒக்காந்துக்கினு இருந்திருக்கேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அண்ணன் முகம் புரிந்தது. தட்டை அவர் தலையிலிருந்து இறக்கி வாங்கினாள். "சரி வுடு. போட்டாவுலயா ஒக்கார வெக்கப் போறோம்? உன் மடிலதானே. வா."

உட்கார்ந்தார். சுபஸ்ரீயை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுக்க, குழந்தை ஊரைக் கூட்டியது. அன்புச்செல்வன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இரண்டு காதும் நொடியில் முடிந்துவிட்டது. எத்தனை நொடி என்று அவருக்குத் தெரியாது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை கடைக்கு வந்ததும் அந்தக் கல்யாண வீடியோவை அழித்தார். கமலா கையெடுத்துக் கும்பிட்டார். அரை மணி கழித்து அன்புச்செல்வன் எழுந்து ரோட்டுக்குப் போனார், ஐந்து நிமிடம் நின்றார், வந்து உட்கார்ந்தார், மறுபடி போனார். என்ன என்று செல்வி எட்டிப் பார்த்தாள். மேசையில் ஒரு புது நோட்டு. ஒரு பக்கத்தில் 'நான் இருக்கும்போது', எதிர்ப் பக்கத்தில் 'நான் இல்லாதபோது'. வித்தியாசத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க இன்னும் மூன்று மாதம் ஆகுமாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக நீங்கள் நாலு நாள் வெளியூர் போய்விட்டு வந்தீர்களே, அப்போது உங்கள் ஆபீசும் வீடும் எப்படி இருந்தன என்று ஞாபகம் வருகிறதா? மாதக்கணக்கில் கிடந்த வேலையெல்லாம் முடிந்து, எல்லோரும் கொஞ்சம் சதை போட்டு, தெளிவான முகத்தோடு, "அதுக்குள்ளயா வந்துட்டீங்க?" என்று கேட்டார்கள் இல்லையா? அதைப் பாசம் என்றுதானே நினைத்தீர்கள்?